வீட்டில் கிரியோல், பையில் மூன்று மொழி: மொரீஷியஸ் பிள்ளைக்கு எழுத்தறிவு தொடங்கும் இடம்

மொரீஷியசில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஐந்து வயதில் முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் பையில் ஆங்கிலப் புத்தகம் இருக்கும், பிரெஞ்சுப் புத்தகம் இருக்கும், பெற்றோர் தமிழை விருப்பப்பாடமாகத் தேர்ந்தெடுத்திருந்தால் தமிழ்ப் புத்தகமும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று மொழியில் ஒன்றைக்கூடப் பேசுவதில்லை. பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவின் பேச்சுமொழி. தீவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்களின் வீட்டுமொழி அதுதான். தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. 1730களில் லபூர்தொனே ஆளுநராக இருந்த காலத்தில் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்களும், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் பேசிய தமிழ் இன்று கோவிலிலும் அடுக்களையிலும் சில நூறு சொற்களாக நிற்கிறது.

ஆகவே இங்குள்ள அப்பா அம்மா கேட்கும் கேள்வி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்கும் கேள்வி அல்ல. அங்கே பிள்ளைக்கு மொழி தெரியும், எழுத்துதான் தெரியாது. இங்கே எந்த மொழியில் எழுத்தைத் தொடங்குவது என்பதே குழப்பம். ஆங்கிலம் தேர்வுக்கு வேண்டும், பிரெஞ்சு வேலைக்கு வேண்டும், தமிழ் நம்முடையது என்ற ஆசை. எல்லாவற்றையும் ஒரே மேசையில், ஒரே மாலையில், சோர்ந்துபோன ஒரு குழந்தையின் முன்னால் விரித்துவைக்கிறோம். இதில் எதை வீடு செய்ய வேண்டும், எதைப் பள்ளியிடம் விட்டுவிடலாம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதி பாரம் குறையும்.

முதலில், வாசிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம். அதே செய்தியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் என்று அவர்கள் சொல்லாததற்குக் காரணம் உண்டு: பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

இந்தக் கணக்கை இங்கே கண்ணால் பார்க்கலாம். தைப்பூசக் காவடி நாட்களில் கோவிலில் தாளைப் பார்த்துத் தேவாரத்தைப் பிழையில்லாமல் படிக்கும் பிள்ளைகள் உண்டு. படித்து முடித்ததும் அதில் ஒரு வரி என்ன சொல்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எழுத்து இருக்கிறது, மொழி இல்லை. அதே பிள்ளை கிரியோலில் ஒரு சண்டையை ஆரம்பம் முதல் முடிவு வரை, யார் முதலில் அடித்தார் என்ற சாட்சியோடு, விவரமாகச் சொல்லும். அங்கே மொழி இருக்கிறது, எழுத்து இல்லை. பள்ளியின் ஆங்கிலப் பாடத்தில் இரண்டுமே அரைகுறை. அரையை அரையால் பெருக்கினால் கால்தான் வரும்.

எழுத்தை ஒலியாக்கும் பக்கத்தைப் பள்ளி எப்படியாவது சொல்லித்தந்துவிடும். மொழிப் பக்கத்தை முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வளர்ப்பது ஆசிரியருக்குக் கடினம். அது வீட்டின் வேலை. இங்கேதான் பல பெற்றோர் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறார்கள்: பள்ளிக்கு உதவும் என்று நினைத்து வீட்டில் கிரியோலை நிறுத்திவிட்டுத் தங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேசத் தொடங்குகிறார்கள். பெற்றோருக்குப் பிரெஞ்சு சரளம் என்றால் அதில் தவறில்லை. சரளம் இல்லையென்றால் வீட்டுப் பேச்சு ‘வா, போ, சாப்பிடு, தொடாதே’ என்று சுருங்கிவிடும். ஏன் மழை பெய்கிறது, பாட்டி ஏன் அழுதாள், நாளைக்கு என்ன நடக்கும் என்றெல்லாம் பேசும் பேச்சு அந்த வீட்டிலிருந்து காணாமல் போய்விடும். அந்தப் பேச்சில்தான் பிள்ளையின் புரிதல் வளர்கிறது.

ஒரு மொழியில் வளர்ந்த திறன் இன்னொரு மொழிக்குக் கைகொடுக்கும் என்பதைக் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு கருதுகோளாக வைத்தார். இருமொழிக் கல்வி பற்றிய பேச்சு இன்றுவரை அதைச் சுற்றியே நடக்கிறது. கதைக்கு ஒரு காரணமும் விளைவும் உண்டு, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், கோடுகளுக்கு ஒலி உண்டு என்பதெல்லாம் ஒரு முறை புரிந்தால் போதும். மொழிக்கு மொழி புதிதாகக் கற்க வேண்டியது சொற்களும் எழுத்துக்கூட்டலும்தான். ஆகவே கிரியோலில் நன்றாகப் பேசும் பிள்ளை பின்தங்கிய பிள்ளை அல்ல.

நாட்டின் பள்ளிச் சட்டமும் இதை முழுக்க மறுக்கவில்லை. 1957ஆம் ஆண்டு கல்வி விதிகள், கீழ் வகுப்புகளில் பிள்ளைக்கு ஏற்ற எந்த மொழியையும் பயிற்றுமொழியாக வைத்துக்கொள்ளலாம் என்றும், நான்காம் வகுப்பிலிருந்துதான் ஆங்கிலம் என்றும் சொல்கின்றன. நடைமுறையில் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் கிரியோலில் விளக்குவார். கிரியோலுக்கு முறையான எழுத்துமுறை 2011இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு அது தொடக்கப்பள்ளியில் விருப்பப்பாடமாக நுழைந்தது. ஆனால் ஆசிய மொழிகளுக்கு ஒதுக்கிய அதே பாடவேளையில் அதை வைத்தார்கள். தமிழா கிரியோலா என்று ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. பேசும் மொழியையும் முன்னோர் மொழியையும் இப்படி ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தியது சரியல்ல என்பது என் கருத்து. தமிழை எடுத்த வீட்டில் கிரியோலின் வேலையை வீடே செய்துகொள்ள வேண்டியதாகிறது.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இந்தத் தீவிலேயே அருமையான கருவி இருக்கிறது: ‘சிராந்தான்’ என்ற விடுகதை விளையாட்டு. ஒருவர் ‘சிராந்தான்!’ என்று கூவ, மற்றவர்கள் ‘சாம்பெக்!’ என்று பதில் தருவார்கள். பிறகு புதிர் வரும். ‘திலோ திபுத்’, நிற்கும் தண்ணீர். விடை கரும்பு. ‘திலோ பாந்தான்’, தொங்கும் தண்ணீர். விடை தேங்காய். சார்ல் பெசாக் என்பவர் 1888இலேயே இவற்றைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். நம்மூர் விடுகதைக்கும் இதற்கும் உறவு சொல்லாமலே தெரியும். சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் விடுகதை. பத்து வயதில் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் காணவும் இதே திறன்தான் தேவைப்படும். பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகும்போது ஆளுக்கு இரண்டு போட்டால் போதும்.

அப்புறம் கதைப்புத்தகம். பிரெஞ்சுப் படப்புத்தகங்கள் நூலகங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. முதலில் படத்தைக் காட்டி கிரியோலில் பேசுங்கள், பிறகு பிரெஞ்சு வரியை வாசியுங்கள். வாசிக்கும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். சில பெற்றோருக்கு மட்டும், கதை வாசிக்கும்போது குழந்தையைப் பேசவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆம், இல்லை என்று முடியாத கேள்வி கேட்பது, பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, அடுத்து என்ன ஆகும் என்று கேட்பது. ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போலக் கதை கேட்டவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது. வாசிக்கும் பெரியவர் குறைவாகப் பேசி, கேட்கும் பிள்ளை அதிகமாகப் பேசும் கதைநேரம் அது.

எழுத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு படி இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். சொல் என்பது ஒலிகளால் ஆனது என்று காது உணர வேண்டும். இதற்குக் கிரியோல் மிகவும் வசதி. மழை ‘லாப்லி’, நிலா ‘லாலின்’, மேசை ‘லாதாப்’, வீடு ‘லாகாஸ்’. கைதட்டிப் பிரித்தால் எல்லாவற்றிலும் முதல் தட்டு ‘லா’. ‘லாப்லியில் லாவை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?’ என்று கேளுங்கள். நான்கு வயதில் பலருக்குப் பதில் வரும். பிறகு இன்னும் சிறிய துண்டுக்குப் போகலாம். ‘திலோ’ என்றால் தண்ணீர், ‘திலே’ என்றால் பால். கடைசி ஒலி ஒன்றே ஒன்று மாறித் தண்ணீர் பாலாகிவிட்டது என்றதும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். தாளும் பென்சிலும் இல்லாமல் சமைத்துக்கொண்டே விளையாடக்கூடிய இந்த விளையாட்டுதான் பின்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அடித்தளம். தமிழ் எழுத்துமுறை அசையை ஒட்டி அமைந்தது என்பதால், கைதட்டிப் பழகிய காது க, கா, கி என்பதை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஆங்கிலம், பிரெஞ்சு எழுத்துகளை வீட்டில் முந்திக்கொண்டு சொல்லித்தராதீர்கள் என்பதே என் ஆலோசனை. காரணம் எழுத்துகளின் பெயர்கள். ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்துக்குப் பெயர் ‘ஈ’. பிரெஞ்சிலோ ‘ஈ’ என்பது ஒன்பதாம் எழுத்தின் பெயர். அதே ஒன்பதாம் எழுத்தை ஆங்கிலத்தில் ‘ஐ’ என்கிறோம். ஒரே வடிவத்துக்கு இரண்டு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு வடிவம். ஐந்து வயதுப் பிள்ளை இதில் தடுமாறாவிட்டால்தான் ஆச்சரியம். வீட்டில் பெயரைச் சொல்வதைவிட, ‘இந்தச் சொல்லில் இது என்ன சத்தம் போடுகிறது?’ என்று கேட்பது நல்லது.

ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டும் வழக்கமும் இங்கே இருக்கிறது. 2003இல் ஸ்காட்லாந்தின் பிலிப் சீமோரும் அவருடைய சகாக்களும் ஐரோப்பாவின் 13 எழுத்துமுறைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் வகுப்பு முடிவில், பழகிய சொற்களைச் சரியாக வாசித்த விகிதம் ஃபின்னிஷ் பிள்ளைகளுக்கு 98 விழுக்காடு, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு 79, ஆங்கிலத்துக்கு 34. அந்த 34 எடுத்தவர்கள் ஆங்கிலத்தையே பேசி வளர்ந்த பிள்ளைகள். குறை பிள்ளையிடம் இல்லை, ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் அவ்வளவு சிக்கலானது. கிரியோல் மட்டும் பேசி வளர்ந்த ஒரு பிள்ளை முதல் ஆண்டில் ஆங்கிலத்தில் தத்தளிப்பதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். எழுதியபடியே வாசிக்கலாம் என்ற வகையில் தமிழ், ஆங்கிலத்தைவிட ஃபின்னிஷுக்குத்தான் நெருக்கம். ஆனாலும் வீட்டில் தமிழ் தொடங்குவது பெரும்பாலும் சுவரில் ஒட்டிய அட்டையோடுதான்: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று, ஆக 247. அந்த அட்டையைப் பார்த்ததுமே தாய்க்கே மலைப்பாக இருக்கும். அதில் ங வரிசை, ஞ வரிசை என்று பிள்ளை பல ஆண்டுகளுக்குச் சந்திக்கவே போகாத எழுத்துகள் எத்தனையோ. அகரவரிசை அகராதி பார்க்க வேண்டியது. வாசிப்பைத் தொடங்க வேறு வரிசை வேண்டும்.

மொரீஷியஸ் பிள்ளைக்குக் காதால் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. அம்மா, மாமா, தாத்தா, ரசம், வடை, விபூதி, சாம்பிராணி, காவடி, வேல், முருகா, அரோகரா. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ம, த, ர, க, ச என்ற ஐந்து எழுத்து, துணைக்கால், மேலே ஒரு புள்ளி, அகரம். இவ்வளவு மட்டும் போதும். மாமா, அம்மா, தாத்தா, அக்கா, மரம், ரதம், ரசம், சாதம், காரம், காகம், அரசமரம் எல்லாம் வந்துவிடும். ஐந்தே எழுத்தில் முழுச் சொல்லை வாசித்துவிட்டோம், அதன் பொருளும் தெரியும் என்ற உணர்வு பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே கிடைக்க வேண்டும். அட்டையை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அது ஓராண்டு ஆனாலும் கிடைப்பதில்லை.

‘காகம்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். முதல் க ஒரு விதமாகவும் இரண்டாவது க மென்மையாகவும் ஒலிக்கிறது. ‘அக்கா’வில் இரட்டித்து அழுத்தமாக வருகிறது. இதை விதியாகச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சொல் காதுக்குத் தெரியாமல் இருந்தால் பிள்ளையால் எந்தக் க என்று ஊகிக்கவே முடியாது. தமிழ் எழுத்து, தமிழ் தெரிந்த காதை நம்பி அமைந்தது. ஆகவே இங்கே எழுத்துக்கு முன்னால் ஒலி வந்தே ஆக வேண்டும். பிள்ளை கேட்டிராத சொல்லை வாசிக்க வைக்காதீர்கள். புதுச் சொல்லா, முதலில் பொருளைக் காட்டி, வாயால் சொல்லிப் பழகி, மறுநாள் எழுத்தில் காட்டுங்கள்.

அடுத்தது மேலே வளையும் விலங்குக் குறி போட்ட எழுத்துகள்: கி, கீ, தி, தீ. தீமிதியைப் பார்த்த பிள்ளைக்குத் ‘தீ’யைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கொம்பு வைத்த எழுத்துகளைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது. ‘வேல்’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, வாயோ வகரத்தை முதலில் சொல்கிறது. இந்த முன்பின் மாற்றத்தில் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள். ‘கொ’, ‘கோ’ என்று வரும்போது எழுத்தின் இரு பக்கமும் குறி வந்து நிற்கும். துணைக்காலும் விலங்கும் நன்றாகப் படிந்த பிறகு இதற்கு வந்தால் சில நாளில் பிடிபட்டுவிடும். உண்மையிலேயே நேரம் எடுப்பது உகர, ஊகார வரிசை. கு, சு, து, பு, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. பொதுவிதி கிடையாது. இவற்றைப் பட்டியலாகக் கொடுக்காமல் சொல்லோடு கொடுங்கள். ‘முருகா’ என்ற ஒரே சொல்லில் மு, ரு இரண்டும் வந்துவிடுகின்றன.

ர-ற, ல-ள-ழ, ந-ன-ண வேறுபாட்டை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் திருத்தாதீர்கள் என்று நான் சொன்னால் சில தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். தமிழை நாளெல்லாம் கேட்டு வளரும் பிள்ளைக்கே இவை மெதுவாகத்தான் வரும். வாரத்துக்குச் சில பாடவேளை மட்டும் தமிழ் கேட்கும் பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினால், அது காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டினால் போதும், சிவப்பு மை வேண்டாம்.

வீட்டில் தாத்தா வைத்திருந்த பழைய பக்திப் புத்தகங்கள் இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய வளைந்த வடிவில் இருக்கும். ‘இது பழைய எழுத்து’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தனிப்பாடமாக்க வேண்டாம். அதேபோல, கோவில்களில் தேவாரத்தையும் திருப்புகழையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பாடலில் கலந்துகொள்ள விரும்பும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. பிள்ளைக்கு அதையே தமிழாகக் கொடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், குறில் நெடிலும் கலந்துவிடும்.

கண்ணில் படும் தமிழுக்கு இங்கே பஞ்சம் என்பார்கள். ஆனால் எல்லார் பையிலும் தமிழ் இருக்கிறது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தொகை ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் அச்சாகிறது. 1998இல் அந்த வரிசை மாறி, தமிழுக்கு முன் இந்தி வந்தபோது தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படிக் காப்பாற்றிய ஒரு வரியை இன்று நம் பிள்ளைகளில் பலரால் வாசிக்க முடியவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. சந்தையில் காசு கொடுப்பதற்கு முன் நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்து, தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். கோவில் வாசல் பலகை, பூசைப் பொருள் பொட்டலம், இந்தியாவிலிருந்து வரும் மசாலாப் பாக்கெட் எல்லாவற்றிலும் இதே தேடல் நடக்கும். பள்ளிக்கான தமிழ்ப் பாடநூல்களை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கிறது. அதன் படங்களை வைத்துப் பேசுவதே வீட்டுக்குப் போதுமான தமிழ்ப் பாடம்.

எழுதுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு வயதுக் கை பென்சிலுக்குத் தயாராக இருக்காது. மாவு பிசைவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது, அரிசித் தட்டில் விரலால் எழுதுவது எல்லாம் அந்தக் கைக்கான பயிற்சி. முதலில் எழுத ஆசைப்படுவது தன் பெயரைத்தான். ‘மாலா’ என்றால் சுலபம், ‘கௌசல்யா’ என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயரிலிருந்து தொடங்கலாம். பிள்ளை தானாகக் கிறுக்கி ‘இது ரசம்’ என்று காட்டினால், ர மட்டும் இருந்தாலும் பாராட்டுங்கள். சார்ல்ஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971இலேயே, சின்னக் குழந்தைகள் தாமாகப் புனையும் எழுத்துக்கூட்டல் தாறுமாறானது அல்ல, கேட்ட ஒலியை முறையாகப் பகுத்துப் போடுவது என்று காட்டினார். இடம் வலம் மாற்றி எழுதுவதும் ஏழு வயது வரை சாதாரணம்.

நேரம் எவ்வளவு? பத்து நிமிடம், தினமும். பள்ளி விட்டதும் ‘லெசோன்’ என்று டியூஷனுக்கு அனுப்பும் பழக்கம் இந்த நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தைவிட, பாட்டியோடு படம் பார்த்துப் பேசும் பத்து நிமிடம் மேல். தங்களுக்கே தமிழ் எழுத்து தெரியாது என்று தயங்கும் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து அந்த ஐந்து எழுத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளை அப்பாவுக்குச் சொல்லித்தரும் நாள் வரும். அன்றைக்கு அதற்கு இரட்டிப்பாகப் பதியும்.

ஏழு வயதாகியும் இரண்டு ஒலியைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை, ஒரே எழுத்தை வாரக்கணக்கில் மறக்கிறது, பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது, கண் பரிசோதனை, பிறகு ஆசிரியரிடம் பேச்சு. ‘மூன்று மொழி, அதனால்தான் குழப்பம்’ என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். பல மொழி கேட்டு வளர்வதால் வாசிப்புக் குறைபாடு வருவதில்லை. இருக்கும் குறைபாட்டைக் கண்டுபிடிப்பதைத்தான் அந்த ஆறுதல் தாமதப்படுத்தும். இப்படிச் சிக்கல் தெரிந்ததும் பெற்றோர் முதல் வேலையாகத் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள், எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் மெதுவாக வாசித்தாலும் சரியாக வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் வேகமும் போய்ச் சரியும் போய்விடுகிறது. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து தமிழை எடுத்துவிடுவதற்கு முன், பழகிய சொற்களை வைத்து ஒரு பருவமாவது மெதுவாக நடத்திப் பாருங்கள். வகுப்பில் அது முதன்முதலாகச் சரியாக வாசிக்கப்போவது தமிழ்ச் சொல்லாக இருக்கலாம்.